மனுதாரர் என்ன கேட்கிறார்?

அக்காவுக்கு எதையும் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்ய வராது. வீட்டுக்கு மிக்சி வாங்குவதானாலும் சரி, நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்ப்பதானாலும் சரி, வெள்ளைத் தாளை எடுத்து இடது ஓரத்தை மூன்று விரல் அகலம் மடித்துக்கொள்வார். மேலே 'பொருள்' என்று போடுவார். அதற்குக் கீழே 'பார்வை'. பிறகு பத்திக்குப் பத்தி எண் கொடுத்து எழுதிக்கொண்டே போய், கடைசியில் 'உரிய ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிப்பார். மிக்சி வாங்க யாரிடம் பணிந்து சமர்ப்பிக்கிறீர்கள் என்று கேட்டால், "எழுதி முடிச்சா யாராவது கெடைப்பாங்க" என்பார்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில், நிலப் பிரிவில், பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு மனுக்களோடு வேலை. வழியை அடைத்துவிட்டான், பட்டாவில் பெயர் தப்பு, புறம்போக்கில் வீடு கட்டிவிட்டான் என்று மனு வந்தபடியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைல் போட்டு, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று குறிப்பு எழுதி, மாடியில் இருக்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மாவட்டம் பிரிந்த புதிதில் வேலூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்கி எண் போட்டவர்களில் அக்காவும் ஒருவர். அந்தத் தூசி மூளைக்கு ஏறியதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்பது என் கட்சி. அவரும் மறுக்கமாட்டார்.

குறிப்பு எழுதுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "நம்ம ஆசைய நோட்டுல எழுதக் கூடாது. வாதி இன்னா சொன்னான், பிரதிவாதி இன்னா சொன்னான், வி.ஏ.ஓ. இன்னா சொன்னாரு. அத்தோட நம்ம வேலை முடிஞ்சிது." பதினோரு வருஷத்தில் அவர் இந்தச் சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை. டீக்கடையில் 'டீயா காபியா' என்று கேட்டால்கூட, "நீ இன்னா சாப்பிடற? அவங்க இன்னா சாப்பிடறாங்க?" என்று எல்லோர் கருத்தையும் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் எது ஜாஸ்தியோ அதையே குடிப்பார்.

அக்கா குண்டு. இதை நான் சொல்வதில் தப்பில்லை. வேறு யாரும் சொல்வதற்குள் அவரே முந்திக்கொள்வார். மாற்றலாகிப் புதிதாக வருகிறவர்களிடம், "இந்த நாற்காலி சர்க்காருது, இதுல இருக்கறது மட்டும் என்னுது" என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். ஒருமுறை கடத்தல் ரேஷன் அரிசியைப் பிடித்து மூட்டை மூட்டையாக எங்கள் வராந்தாவில் இறக்கியிருந்தார்கள். எடை போடுவதற்காகப் பெரிய மேடைத் தராசு ஒன்றும் வந்திருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றார். நான் குனிந்து எடைக் குண்டை நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே போனேன்.

"எவ்ளோடீ?"

"நூத்தியெட்டு."

"நூத்தியெட்டா? அர்ச்சனையே பண்ணலாமே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறங்கிய பிறகும் மூச்சு சமனாகும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஒருமுறைகூட மலையை முழுசாகச் சுற்றாதவர் அவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிளம்பிவிடுவார். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி எமலிங்கம்வரை நடப்பார். அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்து வீடு வந்து சேர்ந்துவிடுவார். பதினாலு கிலோமீட்டரில் பாதிகூட ஆகியிருக்காது. மறுநாள் கேட்டால், "எமனப் பாத்து ஆஜர் குடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் ஒரு மாசத்துக்குக் கூப்புட மாட்டாரு" என்பார்.

பஸ் கதையைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்காலுக்கு வரும் டவுன் பஸ்ஸில் காலையில் நிற்க இடம் இருக்காது. ஒருநாள் ஒரு சின்னப் பெண் அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து, "உக்காருங்க்கா, எத்தினி மாசம்?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அசராமல் உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, "ஏழு மாசம்மா" என்றார். அன்றிலிருந்து யார் இடம் கொடுத்துக் கேட்டாலும் அதே ஏழு மாசம். கொஞ்ச நாள் போனதும் கண்டக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்மா, தை மாசமும் ஏழுன்ன, சித்திரையிலயும் ஏழுன்றியே?" என்றார். "ஆனை வயித்துல வளர்ற கொழந்தைங்க, லேட்டாத்தான் வரும்" என்று அக்கா சொன்னதும் பஸ்ஸே சிரித்தது.

ஆபீஸ் வாசலில் இறங்கிய பிறகு நான் கேட்டேன். "ஏன்க்கா இப்பிடிப் பொய் சொல்றீங்க?"

"கேக்க நல்லா இருக்குதுடீ" என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் என்ன சொன்னாலும் தப்பாகத்தான் போகும்.

அவருக்குக் கல்யாணமாகி அப்போது பதினைந்து வருஷம். வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒல்லியான மனிதர். பேச்சு கம்மி. மொபெட்டில் அவர் முன்னாலும் அக்கா பின்னாலும் உட்கார்ந்து போனால், எதிரில் வருகிறவர்களுக்கு அக்கா தனியாக வண்டி ஓட்டி வருவது போலத்தான் தெரியும். இதுவும் அக்கா சொன்னதுதான், என் சொந்தச் சரக்கு இல்லை. பிள்ளை இல்லை என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. சுற்றாத கோயிலும் சாப்பிடாத லேகியமும் இல்லை என்கிற கட்டமெல்லாம் முடிந்து, நாற்பத்தோரு வயதில் இருவரும் சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் மேஜைக்கு வந்தவர் பையை வைத்தார். வெள்ளைத் தாளை எடுத்து ஓரம் மடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். குழந்தைப்பேறு சிகிச்சை செய்கிற டாக்டர் அம்மா, வயதைப் பார்த்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, எடையைப் பார்த்தால் தொடவே பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பிரஷரும் சர்க்கரையும் வேறு இருந்தன. இந்த உடம்போடு கர்ப்பம் தங்கினால் தாய்க்கே ஆபத்து வரலாம், அப்படியும் இப்போதே வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், செய்து பார்க்கலாம் என்றாராம். கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன், விடியற்காலை நடை என்று அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. குறைகிற எடை அடுத்த தீபாவளிக்குள் திரும்பிவிடும். அதனால் அந்த அம்மாவே இன்னொரு டாக்டரிடம் அனுப்பிவைத்திருக்கிறார். அவர் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்கிறவர். அப்போது அது புதுசு, எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எடை நிச்சயம் குறையும், சர்க்கரையும் கட்டுக்குள் வரும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷம் குழந்தை கூடாதாம். ஒன்றரை வருஷம் கழித்து அக்காவுக்கு நாற்பத்துமூன்று ஆகிவிடும். அதற்குமேல் கருமுட்டைக்கு உத்தரவாதம் இல்லை என்று முதல் டாக்டர் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையைவிட்டுப் போகும். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அக்கா பைல் போட்டார்.

எங்கள் ஆபீஸ் அட்டை, எங்கள் ஆபீஸ் நாடா. மேலே அழகான கையெழுத்தில், 'பொருள்: குழந்தைப்பேறு சிகிச்சை – எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை – இரண்டில் எதை மேற்கொள்வது – தொடர்பாக' என்று எழுதினார். பார்வையில் இரண்டு டாக்டர் சீட்டுகள். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பக்க எண் போட்டுக் கோத்தார். பிறகு ஒரு மாதம் எல்லோர் கருத்தையும் வாங்கி வாங்கிப் பத்தி பத்தியாக எழுதினார். சாப்பாட்டு வேளையில் எனக்குப் படித்துக் காட்டுவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

'4. மனுதாரரின் மாமியார், குண்டாக இருப்பவர்கள் ஊரில் பெற்றுக்கொள்ளாமலா இருக்கிறார்கள் எனத் தெரிவிக்கிறார். தம் பக்க ஆதாரமாக மூன்று பேரைச் சுட்டிக்காட்டுகிறார்.

5. மனுதாரரின் கணவர், உன் இஷ்டம் என வாய்மொழியாகத் தெரிவித்துள்ளார். எழுத்துமூலம் ஏதும் பெறப்படவில்லை.

6. பக்கத்து இருக்கை உதவியாளர், வயசு போனால் வராது, உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் எனக் கூறிவிட்டு டீ குடிக்கச் சென்றுவிட்டார்.'

"என்னக்கா, டீ குடிக்கப் போனதெல்லாமா எழுதுவாங்க?"

"நடந்தத எழுதணும்ல."

அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன். நிஜமாகவே டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில், எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். இன்றுவரை அந்த ஆறாவது பத்தி என்னை உறுத்துகிறது.

தப்பு நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் என்னால்தான். மாலை நாலு மணிக்குக் கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து, மேஜையின் வலது ஓரத்தில் இருக்கும் பைல்களை மாடிக்கு எடுத்துப்போவது வழக்கம். அன்று அக்கா பாத்ரூம் போயிருந்தார். "இதெல்லாம் போவலாமாம்மா?" என்று அவர் கேட்டார். நான் தலையைத் தூக்கிப் பார்க்காமலே, "எல்லாம் போவலாம்" என்று சொன்னேன். எல்லாம் போனது. நடுவில் பொருள், பார்வை, பக்க எண், நாடாவோடு அக்காவின் பைலும் போனது.

அக்கா வந்து மேஜையைப் பார்த்தார். வலது ஓரம் காலியாக இருந்தது. அவர் முகம் வெளுத்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மாடிப்படியைப் பார்த்து ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், பதினோரு வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். நான் பின்னால் போனபோது முதல் திருப்பத்திலேயே சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கையால் மேலே மேலே என்று காட்டினார். நான் ஏறிப் போவதற்குள் அதிகாரியின் ஜீப் வாசலைத் தாண்டிவிட்டது. படிக்க வேண்டிய பைல்களை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர் அவர்.

சனியும் ஞாயிறும் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போன தடவ மாதவிலக்கு எப்ப வந்துச்சின்றதுகூட அதுல இருக்குது, இணைப்பு மூணு" என்றார் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சரி விடு, இணைப்பெல்லாம் அவரு எங்க படிக்கப் போறாரு" என்று அவரே என்னைத் தேற்றினார்.

அதில் உண்மை இருந்தது. அந்த அதிகாரி கடைசிப் பத்தியை மட்டும்தான் படிப்பார் என்று ஆபீசில் பேச்சு. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர். எந்த பைல் போனாலும் ஓரத்தில் பச்சை மையில் ஏதாவது ஒரு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவார். பதில் எழுதி மறுபடி வைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

திங்கள்கிழமை எங்களுக்கு மனு நாள். கலெக்டரிடம் மனுக் கொடுக்க வந்தவர்கள் ஆபீஸ் முழுக்க நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பைல் கட்டு கீழே வந்தது. அக்கா தன் பைலை உருவி, மேஜைக்கு அடியில் மடியில் வைத்துப் பிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். கடைசிப் பத்திக்குப் பக்கத்தில், ஓரத்தில், பச்சை மை.

'மனுதாரர் என்ன கேட்கிறார்? குறிப்பில் இல்லை. தெளிவாக எழுதி மீள வைக்கவும்.'

கீழே கையெழுத்தும் தேதியும் இருந்தன.

நான் சிரித்தேன். படிக்கவே இல்லை, வழக்கமான கேள்வியைப் போட்டு அனுப்பியிருக்கிறார், தப்பித்தோம் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பைலைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார், முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பதினேழு பத்திகள். மாமியார் இருந்தார், டாக்டர்கள் இருந்தார்கள், வேலூரில் இருக்கும் அண்ணன், ஜோசியர், டீ குடிக்கப் போன நான், எல்லோரும் இருந்தோம்.

"ஆமாம்டீ. நான் இல்ல" என்றார்.

அந்த மனிதர் படித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து வராந்தாவில் எதிரில் வந்தவர், நடையை நிறுத்தாமலே, "லீவு வேணும்னா எழுதிக் குடும்மா, தாமசம் பண்ணாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறவரும் இல்லை.

பதினெட்டாவது பத்தியை எழுத அக்காவுக்கு ஒரு வாரம் ஆனது. மூணு பக்கம் கேட்டாலும் மூச்சு விடாமல் எழுதுகிறவர், ஒரு வரிக்காகப் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி உட்கார்ந்திருந்தார். நான் கேலி செய்யப் பார்த்தேன், பலிக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை சாப்பாட்டு வேளையில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"எனக்குக் கொழந்த வேணும்டீ. ஊருக்காக இல்ல, மாமியாருக்காக இல்ல. எனக்கே வேணும். பஸ்ஸுல ஏழு மாசம்னு சொல்றப்போ ஒரு நிமிஷம் நானே நம்பிடுவேன்."

"அப்ப சரிக்கா. அதையே எழுதிடுங்க."

"இரு, முடிக்கல. அன்னிக்குப் படியில நின்னேன் பாரு. என் சொந்த பைலப் புடிக்க என்னால ஒரு மாடி ஏற முடியல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சி. இதோட போயிடுவோம்னு நெனச்சேன். அப்ப கொழந்த ஞாபகம் வர்ல. அவரு ஞாபகம் வர்ல. செத்துடக் கூடாது, நான் இருக்கணும், அது ஒன்னுதான் வந்துச்சி. இத்தினி வருஷத்துல எனக்குன்னு நான் ஒன்னு கேட்டது அந்தப் படியிலதான்."

தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் பைலைத் திருப்பிக் காட்டினார். '18. மனுதாரர் உயிரோடு, மூச்சு வாங்காமல் இருக்க விரும்புகிறார். ஆதலால் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையை முதலில் மேற்கொள்ளலாம். குழந்தைப்பேறு பொருளைப் பதினெட்டு மாதங்களுக்குக் கால் புக்கில் வைக்கலாம்.' உடனே நடவடிக்கை எடுக்க முடியாத பைல்களை, இன்ன தேதியில் மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் நோட்டுதான் எங்களுக்குக் கால் புக். அதில் போவதெல்லாம் திரும்பி வரும் என்று நாங்கள் யாரும் அடித்துச் சொன்னதில்லை.

மாமியார் மூன்று மாதம் பேசவில்லை. அண்ணன் வேலூரிலிருந்து வந்து கத்திவிட்டுப் போனார். வீட்டுக்காரர் மட்டும், "உன் இஷ்டம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அக்காவைப் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தார். படத்தில் அக்கா நிஜத்தைவிடக் குண்டாக இருந்தார். "போறதுக்கு முன்னாடி ஒன்னு இருக்கட்டும்னு" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

நாலு அடுக்கு டிபன் கேரியர் போய், குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்று வந்தது. அரை இட்லியை அரை மணி நேரம் சாப்பிடுவார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "சதையக் கேட்டா முடியையும் சேத்து எடுத்துக்கினாங்க" என்றார். நடுவில் ஒருநாள், பிரியாணி வாசனை வந்ததற்காக நிஜமாகவே அழுதார். எங்களுக்குச் சிரிப்பதா சமாதானம் செய்வதா என்று தெரியவில்லை. ஒரு வருஷத்தில் முப்பத்தாறு கிலோ குறைந்தது. பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்துத் தைத்து, கடைசியில் தையல்காரர் கும்பிடு போட்டுவிட்டார். சர்க்கரை மாத்திரை நின்றது. மாடிக்குப் போக வேண்டிய பைல்களை யாரிடமும் கொடுக்காமல், தானே எடுத்துக்கொண்டு ஏறினார். தேவையில்லாமலும் ஏறினார்.

ஒருநாள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்தவர் பையைக்கூட வைக்காமல், "இன்னிக்கு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்டீ. ஒருத்தரும் எழுந்திருக்கல!" என்று சந்தோஷமாகக் கத்தினார். எல்லோரும் கைதட்டினோம். அரை மணி நேரம் கழித்து, தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "ஒருத்தரும் எத்தினி மாசம்னு கேக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த ஐப்பசிப் பௌர்ணமிக்கு வீட்டுக்காரரோடு என்னையும் இழுத்துக்கொண்டு மலை சுற்றினார். எமலிங்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, வழக்கம்போல நிற்காமல், "ஆஜர் போட்டாச்சி, வா" என்று நடந்தார். ஒன்பதாவது கிலோமீட்டரில் எனக்குக் கால் வீங்கிவிட்டது. ஆட்டோவைக் கூப்பிட்டவள் நான்தான். காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை அக்கா ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் கொறைக்கக் கூடாது நீ?" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்காரரோடு நடந்து முடித்தார்.

கால் புக்கில் எழுதிய தேதி வந்தது. அன்று காலையே பைலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். அந்த வாரமே இருவரும் சென்னைக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து, இரண்டாம் முறை வரச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். டாக்டர் அம்மா முன்பே பயந்தபடிதான் ஆனது. உடம்பு தயாராக இருந்தது, முட்டை இல்லை. இன்னொருத்தியின் கருமுட்டையை வாங்கிச் செய்யலாம் என்றாராம். இருவரும் ஒரு நாள் முழுக்க யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

குழந்தைக்கான சிகிச்சையை முதலில் செய்திருந்தால் பிள்ளை பிறந்திருக்குமா, அக்கா பிழைத்திருப்பாரா, யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் ஆறாவது பத்தி ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று ஒரு சமயம் தோன்றும். நல்லவேளை கேட்கவில்லை என்று மறு சமயம் தோன்றும்.

திங்கள்கிழமை, மனு நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அக்கா பைலை என் பக்கம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி.

'19. மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார். குழந்தை வேண்டும் என்றே இன்னமும் தெரிவிக்கிறார். மனு காலம் கடந்துவிட்டதால் ஏற்க இயலாத நிலையில், பைலை முடிக்கலாம்.'

எனக்கு எழுத்து மங்கிவிட்டது. காலம் கடந்த மனு என்று நாங்கள் எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம். வாங்கிக்கொண்டு போனவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"அழுவாத, கீழ பாரு" என்றார்.

அந்தப் பத்திக்குக் கீழே, கோடு போட்ட தாளில் கோட்டைப் பற்றிக் கவலைப்படாத வேறு ஒரு கையெழுத்து. படம் போடுகிற பென்சிலில் எழுதியது. 'பார்த்தேன். எனக்கும் வேண்டியிருந்தது.' அதற்கும் கீழே அவர் வீட்டுக்காரரின் கையெழுத்து, தேதியோடு.

"காலைல டிபன் டப்பாவோட சேத்து வச்சிருந்தாரு. வாயால ஒன்னும் சொல்லல" என்றார் அக்கா.

முடிகிற பைல்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்று அட்டையில் எழுதினால்தான் பதிவறைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் வைத்துக் கிழிப்பது உண்டு, மூன்று வருஷம், பத்து வருஷம் வைப்பதும் உண்டு. ஏற்க முடியாத மனுவுக்கு எப்போதும் ஒரு வருஷம்தான். நான் பழக்கத்தில் பேனாவை எடுத்து, "ஒரு வருஷம் போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். "பதினேழு வருஷத்துல அந்த மனுஷன் போட்ட மொத நோட்டுடீ இது" என்றார். அட்டைமேல் பெரிய எழுத்தில் 'நிரந்தரம்' என்று எழுதி, நாடாவை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, பைலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.